ஜம்ஷெட்ஜி டாட்டாவும் அவர் காணாத கலாசாலையும்

சர்வகலாசாலை என்ற சொல்லைக் கேட்டவுடன் மாணவராகிய நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது பரீட்சை மண்டபமே. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் நிறுவப்பெற்ற சர்வகலாசாலைகள், இலண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டு, பல கலாசாலைகளில் பயின்ற மாணவரை ஓரிடத்தில் திரட்டிச் சோதித்துப் பட்டம் வழங்கும் ஸ்தாபனங்களாகவே தொடங்கின. பாடஞ்சொல்லும் பொறுப்புக் கலாசாலைகளைச் சார்ந்தது. பரீட்சை நடத்தும் பொறுப்புச் சர்வகலாசாலையைச் சார்ந்தது. இதுகாறும் எவரும் அறியாத ஒன்றைக் கண்டறிந்து உலகத்துக்கு அளிக்கும் பொறுப்போ எவரையும் சாரவில்லை. அதற்கென ஓர் அறைதானும் அக்காலத்துச் சர்வகலாசாலைகளில் தேடினும் கிடைத்தல் அரிது.

இக்குறையை உணர்ந்தோர் அந்நாளில் மிகச் சிலர். கல்கத்தாவில் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் என்பார் 1876-இல் பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டு ஒரு விஞ்ஞானச் சங்கத்தைத் தொடங்கினார். எனினும், ஆராய்ச்சியையே உயிராகக் கொண்ட ஒரு முழுச் சர்வகலாசாலை இந்நாட்டுக்கு வேண்டுமென்று எண்ணி, அவ்வெண்ணத்தை நிறைவேற்றத் தம் பொருளில் பெரும்பகுதியைத் தர முன்வந்தவர் ஒரு பருத்தி வியாபாரி. அவரே ஜம்ஷெட்ஜி நஸர்வான்ஜி டாட்டா.

இப்பெயரை அறியாதார் இல்லை. எங்கள் எக்கியார்குப்பத்தை அடுத்த மரக்காணத்திலே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பளங்கள் வெண்பாத்திகளாய்ப் பரந்து கிடக்கின்றன. ஆயினும் அவ்வூர்க் கடைத்தெருவிலே டாட்டா என்னும் பெயர் பொறித்த உப்புப் பொட்டலமும் விற்பனையாகிறது. அவ்வுப்பு 1983-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. கூர்ச்சரத்து மித்தாப்பூரில் அதனைச் செய்யும் கம்பெனியும் 1939-இல் ஏற்பட்டது. இவ்விரண்டையும் ஜம்ஷெட்ஜி கண்டதில்லை. அவர் பெயரால் வழங்கும் பொருள்களை நாம் அறிந்துள்ளோம்; அவர் தம் பெயரை இட விரும்பாத பொருளையோ நம்மிற் பலர் அறியோம். அதனைச் சொல்லவே இவ்வரலாற்றை எழுதப் புகுந்தேன்.

ஜம்ஷெட்ஜி 1839-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3-ஆம் நாள் கூர்ச்சர தேசத்து நவ்ஸாரியிற் பிறந்தார். அவர் குலத்தார் ஜரதுஷ்டிர சமயத்தைச் சார்ந்த பார்ஸிகள். பாரசீகத்தினின்றும் பல நூற்றாண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்து மேலைக்கரையில் தங்கியவர்கள். அக்குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் குருத்துவத் தொழில் புரிந்தவர்கள். ஜம்ஷெட்ஜியின் தந்தையாராகிய நஸர்வான்ஜியே குலத்தொழிலை விடுத்துப் பம்பாய் சென்று வியாபாரத்தில் இறங்கியவர். மகன் பதினான்காம் வயதளவில் தந்தையாரிடம் போய்ச் சேர்ந்து, எல்பின்ஸ்டன் கலாசாலையிற் பயின்று, 1858-இல் கல்வியை முடித்தார். வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்காத நூற்பயிற்சி ஆர்வம் அங்கே வேரூன்றியதென்பர்.

மறு ஆண்டிலேயே தந்தையார் அவரை ஹாங்காங்குக்கு அனுப்பினார். அக்காலத்துப் பம்பாய் வணிகர் பலரையும் போல, இக்குடும்பத்தாரும் சீனத்துக்குப் பருத்தியோடு அபினும் அனுப்பினர். பெரியோர் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய செய்திகளை ஒதுக்கிவிடுதல் வழக்கம். அவ்வழக்கம் எனக்கு உடன்பாடன்று. அந்நாளைய வாணிகம் எவ்வாறு இருந்ததென்பதை அறிந்தால்தான், பின்னாளில் அவர் சென்ற தூரம் எவ்வளவென்பதும் விளங்கும்.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து வரும் பருத்தி நின்றுபோகவே, லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. பம்பாயிற் பொன் மழை பெய்தது. கண்டவர் எல்லாம் கம்பெனி தொடங்கினர். கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கும் பங்குகள் விற்கப்பட்டன. இந்தியர் பாங்கி ஒன்றை இலண்டனில் நிறுவும் நோக்கத்தோடு ஜம்ஷெட்ஜி அங்குச் சென்றார். 1865-இல் போர் முடிந்தது. பருத்தியின் விலை சரிந்தது. பம்பாயின் செல்வம் ஒரே ஆண்டில் கரைந்து போயிற்று. கையில் மதிப்பற்ற கடன் பத்திரங்களோடு அந்நிய நாட்டில் தனியே நின்ற அவ்விளைஞர், கடன் கொடுத்தோரிடமிருந்து ஒளியாது, அவர்களிடம் தாமே சென்று நிலைமையை விளக்கினார். அவருடைய நேர்மையைக் கண்ட அவர்கள், அவரையே கணக்குத் தீர்க்கும் அலுவலராக மாதம் 20 பவுன் சம்பளத்தில் நியமித்தனர். கடன்பட்டவரையே கடன் தீர்க்கும் பொறுப்பில் அமர்த்திய இச்செய்தி எனக்கு அவருடைய பிற்காலச் செல்வத்தினும் வியப்பாகத் தோன்றுகிறது.

பின்னர், அபிசீனியாவுக்குச் சென்ற ஆங்கிலப் படைக்கு உணவுப் பொருள் அனுப்பும் குத்தகையில் தந்தையாருக்குக் கிடைத்த இலாபம் குடும்பத்தைத் தாங்கிற்று. 1868-இல் ஜம்ஷெட்ஜி ரூ. 21,000 முதலிட்டுத் தமக்கென ஒரு வியாபார ஸ்தாபனத்தைத் தொடங்கினார். பம்பாயில் ஓர் எண்ணெய் ஆலையை வாங்கிப் பஞ்சாலையாக மாற்றி நடத்தி, இரண்டாண்டில் இலாபத்துக்கு விற்றார். இங்கிலாந்து சென்று லங்காஷயர் ஆலைகளின் நடைமுறையை நேரிற் கண்டு திரும்பினார். அதன்பின் ஆலை எழுப்ப அவர் தெரிந்துகொண்ட இடம் பம்பாயன்று. பருத்தி விளையும் கரிசல் மண்ணும், நிலக்கரியும், இரயில் பாதையும் அண்மையிற் கிட்டும் நாகபுரியே அது. ஆங்கே வாங்கிய நிலம் சதுப்பு நிலம். முதலில் மண்ணிட்டு நிரப்ப வேண்டியிருந்தது. உள்ளூர் மார்வாடிச் செல்வர் ஒருவர், பொன்னை மண்ணிற் புதைக்கும் வேலை இதுவென்று பங்கு வாங்க மறுத்தாராம். பல ஆண்டுகளுக்குப் பின் அவரே, டாட்டா புதைத்தது மண்ணை, எடுத்தது பொன்னை என்று ஒப்புக்கொண்டாராம். 1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் எம்பிரஸ் ஆலை இயங்கத் தொடங்கிற்று. தொழிலாளரின் முதுமைக்கு நிதியும், விபத்துக்கு ஈடும், சட்டம் வற்புறுத்துமுன்னரே அவ்வாலையில் ஏற்பட்டன. அவர் புரிந்த வேறு வியாபாரங்களை இங்கே விரிக்கிற் பெருகும்.

ஆலையை எழுப்பினார், ஆனால் ஆலைக்கு வேண்டிய இயந்திரம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலிருந்து. அவ்வியந்திரம் பழுதுற்றபோது செப்பனிடத்தக்க அறிவுடையோர்? அவர்களும் பெரும்பாலும் அங்கிருந்தே வந்தனர். பஞ்சு நம்முடையது, கை நம்முடையது, அறிவுமட்டும் கப்பலேறி வரவேண்டியிருந்தது. கூலிக்கு வாங்கிய அறிவைக்கொண்டு ஒரு தேசம் எத்துணைக் காலம் தொழில் நடத்தும் என்னும் கேள்வி அவர் நெஞ்சில் முளைத்திருத்தல் வேண்டும். ஏனெனில், ஐம்பது வயதைக் கடந்தபின் அவர் செய்தவையெல்லாம் அக்கேள்விக்கு விடை தேடும் செயல்களாகவே காணப்படுகின்றன.

முதற்படியாக, 1892-இல் இந்திய மாணவர் மேல்நாடு சென்று உயர்தரக் கல்வி பெறுவதற்கு ஒரு நிதியை ஏற்படுத்தினார். தொடக்கத்தில் பார்ஸி மாணவருக்கென்றிருந்த அது, 1894 முதல் எச்சமயத்தார்க்கும் எக்குலத்தார்க்கும் பொதுவாயிற்று. முதன்முதல் உதவி பெற்றோருள் ஒரு பெண் மருத்துவரும் இருந்தார். அந்நிதியின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. மாணவருக்கு அளிக்கும் பணம் தானமன்று, கடன். கற்றுத் திரும்பிப் பொருளீட்டியபின் அவர் செலுத்தும் தொகை வேறொரு மாணவருக்குக் கப்பற்கூலியாகும். பெற்றவரது தன்மானமும் கெடாது, நிதியும் வற்றாது. பிற்காலத்தில் நம் குடியரசுத் தலைவராய் விளங்கிய கே. ஆர். நாராயணன் அவர்களும், அணுவிஞ்ஞானி ராஜா ராமண்ணா அவர்களும் இந்நிதியின் உதவியாற் பயின்றவர்கள்.

ஆயினும், சிலர் கடல் கடந்து கற்று வருவதால் மட்டும் குறை தீராது. அறிவு விளையும் வயலே நம் நாட்டில் இருத்தல் வேண்டும். 1893-இல் ஜம்ஷெட்ஜி ஜப்பானிலிருந்து கனடா தேசத்து வான்கூவருக்குச் சென்ற கப்பலில், சிகாகோ சர்வசமயப் பேரவைக்குப் புறப்பட்ட இளந்துறவி விவேகானந்தரும் பயணஞ் செய்தார். அன்றைய உரையாடலை நினைவிற் கொண்டு, ஐந்தாண்டுகளுக்குப்பின், 1898 நவம்பரில், தாம் திட்டமிட்டிருக்கும் ஆராய்ச்சிக் கலாசாலைக்கு ஆதரவு திரட்டித் தரும்படி ஜம்ஷெட்ஜி அவருக்குக் கடிதம் எழுதினார். துறவறத்தின் ஆற்றலை விஞ்ஞானத்தின்பால் திருப்பினால் நாடு பயன்பெறும் என்பது அக்கடிதத்தின் கருத்து. பொருளீட்டுதலையே தொழிலாகக் கொண்டவர், பொருளைத் துறந்தவரிடம் சென்று துணை கேட்கிறார்! விவேகானந்தரின் மடத்துப் பத்திரிகை அத்திட்டத்தைப் போற்றி எழுதிற்று. சகோதரி நிவேதிதை அதற்காக வெகுவாக உழைத்தார்.

திட்டம் வெறும் ஆசையாக இருக்கவில்லை. தம் நம்பிக்கைக்குரிய பர்ஜோர்ஜி பாத்ஷா என்னும் அறிஞரை ஜம்ஷெட்ஜி மேல்நாடுகளுக்கு அனுப்பி, அங்குள்ள சர்வகலாசாலைகள் எவ்வாறு நடைபெறுகின்றன என்று ஆராயச் செய்தார். அமெரிக்காவில் 1876-இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை, ஆராய்ச்சிக்கு முதலிடம் அளிக்கும் முறையால், மாதிரியாகக் கொள்ளத்தக்கதெனத் தோன்றிற்று. பட்டம் பெற்றவரே இங்கே மாணவராதல் வேண்டும். புதியன காணுதலே அவர்தம் பாடமாதல் வேண்டும். இதற்கென ஜம்ஷெட்ஜி பம்பாயிலிருந்த தம் 14 கட்டடங்களையும் 4 நிலங்களையும் அளிக்க முன்வந்தார். அவற்றின் மதிப்பு அக்காலக் கணக்கில் ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாய். ஆண்டு வருவாய் ரூ. 1,25,000. அந்நாளில் இதற்கு ஈடான கல்விக்கொடை இந்நாட்டில் ஒருவராலும் செய்யப்பட்டிலது.

1898-ஆம் ஆண்டின் கடைசி நாளில், பம்பாயில் முந்தின நாள் வந்திறங்கிய புதிய இராஜப்பிரதிநிதி கர்ஸன் பிரபுவிடம் இத்திட்டம் சமர்ப்பிக்கப்பட்டது. பிரபுவுக்கு ஐயங்கள் இரண்டு எழுந்தன. இத்துணை உயர்ந்த கல்விக்கு மாணவர் வருவார்களா என்பது ஒன்று. கற்று முடித்தவர்க்கு உத்தியோகம் எங்கே என்பது மற்றொன்று. இவ்வையங்களைக் கர்ஸன் பிரபுவின் கெடுமதி என்று நாம் தள்ளிவிடுதல் எளிது. இரண்டாவது கேள்வியை இன்றும் நம் வீடுகளில் நாள்தோறும் கேட்கிறோம். மகன் இன்ன பாடம் படிக்கிறான் என்றவுடன், படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேளாத உறவினர் யார்? ஜம்ஷெட்ஜியின் விடை வேறு வகையானது. வேலை இருக்குமிடம் தேடிக் கல்வியை அமைத்தல் ஒரு முறை. கல்வியை அமைத்து அதனின்றும் தொழில்களைப் பிறப்பித்தல் மற்றொரு முறை. அவர் இரண்டாவதையே நம்பினார். அவ்வாண்டுகளிலேயே இரும்புத் தொழிலுக்கும், நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தொழிலுக்கும் அவர் அடிகோலிக் கொண்டிருந்தது இதற்குச் சான்று.

அரசாங்கத்தார் கருத்தறிய விரும்பியதால், இரசாயனப் பேரறிஞர் சர் வில்லியம் ராம்ஸே இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்டார். நியான், கிரிப்டான், ஸெனான் என்னும் வாயுக்களைத் தம் துணைவர் மாரிஸ் டிராவர்ஸுடன் 1898-இல் கண்டறிந்தவர் அவர். 1900-ஆம் ஆண்டின் இறுதி தொடங்கிப் பத்து வாரகாலம் நாடெங்கும் சுற்றிப் பார்த்து, கலாசாலைக்கு ஏற்ற இடம் பெங்களூரே என்று கூறினார். தட்பவெப்பம் நல்லது, மைசூர் சமஸ்தானத்தாரின் ஆதரவும் உண்டு. அங்கே திவானாயிருந்தவர், பாலக்காட்டருகே தமிழ் பேசும் குடும்பத்திற் பிறந்து சென்னையிற் பயின்ற சர் கே. சேஷாத்திரி ஐயர். சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து கோலார் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுபோகும் வேலையை மேற்கொண்ட தீர்க்கதரிசி. ஜம்ஷெட்ஜியும் பெங்களூரில் ஜப்பானியரின் உதவியோடு ஒரு பட்டுப்பூச்சிப் பண்ணையை முன்னரே தொடங்கியிருந்தார். பிற்காலத்தில் அது இரட்சணிய சேனையாரின் கைக்கு வந்தது. இளவரசர் வயதடையாமையால் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த மகாராணி வாணிவிலாஸ் சந்நிதானம் காலத்தில் சமஸ்தானம் கலாசாலைக்கு நிலமும் பொருளும் தர இசைந்தது. பின்னர் முடிவாகக் கிடைத்த நிலம் 371 ஏக்கர்.

1901-இல் மற்றொரு குழு அமைந்தது. மெல்போர்ன் பேராசிரியர் மேஸனும், ரூர்க்கிக் கலாசாலையைச் சார்ந்த கர்னல் கிளிபார்னும் அதன் உறுப்பினர். இவர்கள் திட்டத்தை இன்னும் சுருக்கினர். சுருங்கியது எது என்பதை இங்கே சொல்லாதிருக்க இயலவில்லை. முதலில் வகுத்த திட்டத்தில் விஞ்ஞானமும் கைத்தொழிலும் ஒரு பிரிவு. மருத்துவம் ஒரு பிரிவு. தத்துவமும் கல்வியும் ஒரு பிரிவு. மூன்றாம் பிரிவிலே ஒழுக்கநூல், உளநூல், இந்திய சரித்திரம், புதைபொருள் ஆராய்ச்சி, பொருளாதாரம், ஒப்பியல் மொழிநூல் ஆகியவை இடம்பெற்றிருந்தன. பருத்தி வியாபாரியின் கலாசாலையில் மொழியாராய்ச்சிக்கும் ஓர் ஆசனம் இருந்தது! செலவு மிகுமென்று அப்பிரிவு முழுவதும் கைவிடப்பட்டது. தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பயிலும் எனக்கு இவ்விடத்தில் பெருமூச்சு எழுவது இயல்பே. கால்டுவெல் ஐயர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டது 1856-இல். அவர் தொடங்கிய ஆராய்ச்சியைத் தொடர, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தேசம் முழுவதற்கும் பொதுவான ஓர் ஆராய்ச்சிப் பீடம் அமைந்திருந்தால் இன்று நம் மொழியின் வரலாற்றைப்பற்றி எவ்வளவோ அறிந்திருப்போம். மூன்று கால்களில் நிற்க எண்ணிய கலாசாலை ஒரு காலில் நிற்கலாயிற்று. நின்றதே பெரிதென்று ஆறுதல் கொள்ள வேண்டியதுதான்.

கடிதங்கள் பம்பாய்க்கும் சிம்லாவுக்கும் இலண்டனுக்குமாக அலைந்தன. ஆண்டுகள் ஓடின. அவர் எடுத்த மற்றக் காரியங்களில் ஒன்றே அவர் கண்முன் முடிந்தது. அது 1903 டிசம்பரில் பம்பாய்த் துறைமுகத்தருகே திறக்கப்பட்ட தாஜ்மஹால் ஹோட்டல். இரும்பாலைக்கு அறிஞரைத் தேடி 1902-இல் அமெரிக்காவுக்குச் சென்று திரும்பினார், ஆலை எழும்பவில்லை. மின்சாரத் திட்டம் ஏட்டில் இருந்தது. கலாசாலைக்கு அரசாங்கத்தின் முடிவான உத்தரவும் வரவில்லை. உடல் நலிவுற்ற நிலையில் ஐரோப்பா சென்ற ஜம்ஷெட்ஜி, 1904-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள், ஜெர்மனியைச் சார்ந்த பாட்நௌஹைம் என்னும் ஊரிற் காலமானார். இங்கிலாந்தில் புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. அப்போது கலாசாலைக்கென ஒரு செங்கல்லும் அடுக்கப்பட்டிருக்கவில்லை.

செல்வர் இறந்தபின் அவர் வாக்களித்த தருமங்கள் வழக்கு மன்றத்தில் உருக்குலைந்துபோதல் உலகத்தில் புதுமையன்று. ஜம்ஷெட்ஜியின் மக்களாகிய தோராப்ஜியும் ரத்தன்ஜியும் தந்தையார் கலாசாலைக்கென வைத்த சொத்தைத் தங்கள் உரிமையென்று கேளாது, அவர் கருதியவாறே ஒப்புவித்தனர். இந்நிகழ்ச்சி பெரும்பாலான நூல்களில் ஒரு வரியிற் கடந்துபோகிறது. என் மதிப்பில் கொடுத்தவரின் பெருமைக்குச் சற்றும் குறைந்ததன்று, அதைத் தடுக்காதவரின் பெருமை.

ராம்ஸேயின் துணைவராகிய டிராவர்ஸே 1906-இல் முதல் தலைவராக நியமனம் பெற்று வந்தார். 1909-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் அரசாங்க உத்தரவு பிறந்து, இந்திய விஞ்ஞானக் கழகம் சட்டப்படி உருப்பெற்றது. 1911-இல் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அவ்வாண்டு ஜூலையில் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். அவர்கள் தொகை 24. பயின்றவை இரசாயனமும் மின்சாரத் தொழில்நுட்பமும். மாணவர் வருவார்களா என்று கேட்ட பிரபு அதற்குள் பதவி நீங்கிச் சென்றுவிட்டார்.

சில ஆண்டுகளுக்குள் அக்கழகத்தின் பயன் தெரியவந்தது. மைசூர்க் காட்டில் வெட்டிய சந்தனக்கட்டை ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே தைலமாக வடிக்கப்பட்டு, பன்மடங்கு விலைக்கு விற்பனையாகி வந்தது. 1914-இல் ஐரோப்பிய யுத்தம் மூண்டவுடன் அவ்வாணிகம் அற்றுப்போயிற்று. கட்டைகள் கிடங்கிற் குவிந்தன. கழகத்து இரசாயனப் பேராசிரியராகிய ஸட்பரோவும் வாட்ஸனும் தைலம் வடிக்கும் முறையைப் பெங்களூரிலேயே ஆராய்ந்து செய்து காட்டினர். 1916-இல் சமஸ்தானத்தாரின் சந்தனத்தைல ஆலை எழுந்தது. இன்று நாம் அறிந்துள்ள மைசூர்ச் சந்தன சோப்பு அத்தைலத்தின் வழிவந்தது. கட்டை நம்முடையது, அறிவு அயலாருடையது என்னும் பழைய நிலை ஒரு பொருளிலாவது மாறிற்று. கர்ஸன் பிரபுவின் இரண்டாம் ஐயத்துக்கு இதனினும் தெளிவான விடையை ஜம்ஷெட்ஜியே அளித்திருக்க முடியாது.

கழகத்தின் வரலாறு முழுவதும் புகழ்ச்சிக்குரியதென்று எழுதிவிடுதல் தகாது. முதல் 22 ஆண்டு தலைவராயிருந்தோர் அனைவரும் ஆங்கிலேயரே. 1933-இல்தான் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் முதல் இந்தியத் தலைவரானார். அவ்வாண்டிலேயே, பம்பாய்ச் சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற கமலா என்னும் பெண்மணி ஆராய்ச்சிக்கு இடம் கேட்டபோது, பெண் என்ற காரணத்தால் இராமன் அவர்கள் மறுத்தார். அப்பெண்மணி விடாது வாதாடியதால், ஓராண்டு சோதனைக் காலம் முதலிய நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார். அவருடைய உழைப்பைக் கண்டபின் மற்றப் பெண்களுக்கும் கதவு திறந்தது. அவர் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்ற கமலா ஸொஹோனி. ஜம்ஷெட்ஜியின் நிதி 1892-லேயே ஒரு பெண்ணைக் கடல் கடந்து அனுப்பியிருக்க, அவர் பொருளால் எழுந்த கலாசாலை 41 ஆண்டுகளுக்குப் பின்னும் தயங்கி நின்றதை என்னென்பது!

பின்னாளில் அங்கே பணியாற்றியவர்களை எண்ணத் தொடங்கினால் ஏடு போதாது. ஹோமி பாபா அங்கிருந்தபோதே அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். இராமனிடம் பயின்ற ஜி. என். இராமசந்திரன் சென்னைச் சர்வகலாசாலைக்கு வந்து, கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பை 1954-இல் வெளியிட்டு, பிற்காலத்தில் மீண்டும் பெங்களூர் சென்று ஆராய்ச்சிப் பிரிவொன்றை நிறுவினார். 1958-இல் கழகம் சர்வகலாசாலைக்கு நிகரான நிலை பெற்றது. நூறாண்டு காலம் பட்டதாரிகளையே சேர்த்து வந்தபின், 2011-இல் நம் வயதினரான இளமாணவருக்கும் வாயில் திறந்தது.

ஒருவரைமட்டும் தனித்துச் சொல்வேன், எங்கள் கடற்கரையின் பொருட்டு. சதீஷ் தவான் 1962 முதல் 1981 வரை கழகத்தின் தலைவர். 1972-இல் விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையும் அவரை நாடி வந்தபோது, கழகத்தை விட்டு வர இயலாதென்று கூறி, இரு பொறுப்புகளையும் பெங்களூரிலிருந்தே ஏற்றார். பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவில் உள்ள ஏவுதளம் 2002 முதல் அவர் பெயரால் வழங்குகிறது. 2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பரில் பெஞ்சல் புயலும் எங்கள் பகுதியைத் தாக்கியபோது, செயற்கைக்கோட் படங்களைக் கொண்டு முன்னரே எச்சரிக்கை வந்தது. குப்பத்துப் படகுகள் கரையேற்றப்பட்டன. கடலுக்குச் செல்வோர் செல்லாதிருந்தனர். மேகத்தின் நிறத்தையும் காற்றின் திசையையும் பார்த்தே புயலை அறிந்த பாட்டனார் தலைமுறையின் அறிவு சிறிதன்று. ஆயினும் அவ்வறிவு வந்து சேருமுன் புயல் வந்து சேர்ந்த நாள்களும் உண்டு.

1922-இல் கழகத்தின் பெரிய கட்டடத்தின் முன்னே, கில்பர்ட் பேயஸ் என்னும் ஆங்கிலச் சிற்பி செய்த ஜம்ஷெட்ஜியின் உருவச்சிலை நிறுவப்பெற்றது. கலாசாலைக்குத் தம் பெயரை இடலாகாது என்பது அவர் விருப்பம். பலரும் தாராளமாகப் பொருளுதவி செய்யவேண்டிய காரியத்துக்கு ஒருவர் பெயர் தடையாகுமென்று அவர் எண்ணினார். ஆகவே சட்டத்திலும் முத்திரையிலும் அது இந்திய விஞ்ஞானக் கழகமே. பெங்களூர் நகரத்தார்மட்டும் இதற்கு உடன்படவில்லை. நூறாண்டுக்கு மேலாகியும், அவ்வழியே செல்லும் பேருந்தில் ஏறி அவ்விடத்துக்குச் சீட்டுக் கேட்போர் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றே கேட்கின்றனர்.